ஓவியப் பாடவேளை

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், கடலை ஒட்டிய ஒரு கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். ஓவியத்தையும் கணக்கையும் சேர்த்துப் புதிய பாடத்திட்டம் எழுதக் கல்வித் துறை ஆள் கேட்டபோது, எங்கள் பள்ளியிலிருந்து என்னையும் ஓவிய ஆசிரியரையும் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஒப்பந்த ஊழியர். வில்லியனூர் பக்கத்திலிருந்து பைக்கில் வருவார்.

கோடை விடுமுறை முழுக்கப் பள்ளியிலேயே உட்கார்ந்து எழுதினோம். நான் எழுதியதைப் படித்து முகம் சுளிப்பார்.

"இன்னா டீச்சர், கணக்கு நோட்டுல பூ ஒட்டி வச்ச மாரி இருக்குது. படம் போடறதே கணக்கா இருக்கணும்."

இன்னொன்றையும் விடாமல் சொல்வார். "எனக்கு மட்டும் வந்தா போதாது. கோடு போட வராத டீச்சரும் நடத்தற மாரி எழுதணும்."

அப்படி வந்ததுதான் படகுப் பாடம். கட்டம் போட்ட தாளில் பிள்ளைகள் சின்னப் படகு வரைய வேண்டும். பிறகு முற்றத்தில் சாக்பீஸால் பெரிய கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டமாகத் தரைக்கு மாற்ற வேண்டும். பள்ளி திறந்ததும் செய்து பார்த்தோம். முற்றம் நிறையப் படகு. வாய்ப்பாடு என்றாலே அழும் ஒரு பெண், நீளத்துக் கட்டங்களை அகலத்துக் கட்டங்களோடு தானே பெருக்கிச் சொன்னாள்.

"எங்க வூட்டு போட்டு இத்த வுட பெருசு சார்" என்று சண்டைக்கும் வந்தாள்.

"எவ்ளோ பெருசு? அளந்துக்கினு வா" என்றார் அவர். மறுநாள் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து வந்தாள்.

பார்க்க வந்த அதிகாரி கைதட்டினார், செல்போனில் படம் எடுத்தார். ஆசிரியர் கையேடு அச்சாகி வந்தபோது அட்டையில் எங்கள் முற்றம். கூடவே ஓர் உத்தரவு. ஓவியம் இனிக் கணக்கோடு சேர்த்து நடத்தப்படுவதால் தனிப் பாடவேளை கிடையாது. ஒப்பந்த ஓவிய ஆசிரியர்களுக்கு நீட்டிப்பும் கிடையாது.

கல்வித் துறை அலுவலகத்துக்குப் போய் அந்த அதிகாரியிடம் கேட்டேன். "இந்தப் பாடத்த எழுதினதே அவர்தான் சார்."

அதிகாரி எரிச்சல்கூடப் படவில்லை. "அதான் மேடம், அவ்ளோ நல்லா எழுதிக் குடுத்துட்டாரே. படிச்சிட்டு யார் வேணா நடத்தலாம். இன்னும் எதுக்கு அவரு?"

கடைசி நாளில் அவர் பள்ளி பிரஷ்களைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தார். கோர்ட்டுக்குப் போகலாம் என்றேன்.

"பெரிய பொண்ணு காலேஜ் சேரப்போவுது டீச்சர். கோர்ட்டு சொல்ற வரைக்கும் சோத்துக்கு இன்னா பண்றது?"

இப்போது திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறார். நான் போன் செய்தால் எடுப்பதில்லை.

புதிய பாடத்திட்டப் பயிற்சிக்கு என்னையும் அழைத்தார்கள். வெளியூர்ப் பயிற்றுநர் திரையில் எங்கள் படகைக் காட்டி, அதை எப்படி நடத்துவது என்று எனக்கே சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளை வெயிலில் நிறுத்த வேண்டாம், நேரமும் போதாது, அச்சடித்த படகுக்கு வண்ணம் தீட்டினால் போதும் என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

இந்த ஆண்டு பிடிவாதமாக முற்றத்தில் கட்டம் போட்டுப் பார்த்தேன். என் கோடு கோணிக்கொண்டு போனது. படகு, படுத்த மாடு மாதிரி கிடந்தது. பிள்ளைகள் சிரிக்கக்கூட இல்லை.

"கலர் அடிக்கிற பேப்பரையே குடுங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. கொடுத்தேன்.