நீரைக் கேளாத பாதை

எங்கள் ஊருக்கும் கண்ணகை அம்மன் கோயில் அமைந்த சிறுதீவுக்கும் இடையே கிடப்பது வாவி. கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில், கடல் ஏறினால் அங்கே மார்பளவு நீர்; இறங்கினால் முழங்காலளவு. ஆண்டு முழுதும் அடைத்திருக்கும் கோயிற் கதவு வைகாசிச் சடங்கிற்கே திறக்கும். அன்று கும்பமேந்திய பெண்கள் நீர் இறங்கும்வரை கரையில் அமர்ந்திருப்பர். வயல் நிறைந்த போடியாரும் வலை வீசுவோரும் அதே மணலிற்றான் காத்திருப்பர். கும்பம் சென்று சேராமல் கதவு திறப்பதில்லை.

போர்க்காலச் சுற்றிவளைப்பொன்றில் எங்களைக் காத்ததும் அந்நீரே. கோயில் மண்டபத்தில் ஊரே ஒடுங்கியிருக்க, கரைவரை வந்த இராணுவக் கவச வாகனங்கள் ஏற்றநீரைக் கண்டு திரும்பிப் போயின. கோயிலை நிருவகிக்கும் இன்றைய வண்ணக்கர் அன்று என் தோளோடு ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தவர். அவரே இவ்வாண்டு அந்நீரின் குறுக்கே சரளைமண் கொட்டிப் பாதை சமைத்தார். நகரத்து விருந்தினரின் வாகனங்கள் கோயில் வாசலிலேயே நிற்க வேண்டுமாம்!

சடங்கு நாளில் நீர் ஏறியிருந்தது. விருந்தினர் பாதைவழியே முன்னரே தீவை அடைந்துவிட்டனர். ஊரின் பழைய வாத்தியாரான என்னிடம் வண்ணக்கர் வந்தார்.

"சேர், நீங்க முன்னால நடங்க. உங்களப் பாத்தாத்தான் மத்த ஆக்களும் றோட்டால வருவாங்க."

"தண்ணி இறங்கட்டும்."

"வயசான காலத்துல ஏன் தண்ணிக்குள்ளால இழுபடுறீங்க?"

"அண்டைக்கு இந்த றோட்டு இரிந்திருந்தா, நீங்களும் நானும் இண்டைக்கு நிண்டு கதைப்பமா?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"அது அந்தக் காலம், சேர்."

கும்பம் ஏந்தியிருந்த ஒரு பெண் சிரித்தாள். "வண்ணக்கர் மாமா, அம்மாளுக்கும் ஒரு ஆட்டோ புடிச்சி வெச்சிரிக்கீங்களா?"

நான் மணலில் அமர்ந்தேன். பெண்களும் கும்பங்களை மடியில் ஏந்தியவாறு அமர்ந்தனர். சிலர் பாதையில் நடந்து போயினர். அவர்களை நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வெயில் ஏறியது. வண்ணக்கரின் கைப்பேசி ஒலித்தது. தீவிலிருந்த விருந்தினர் கதவு எப்போது திறக்குமென வினவினர் போலும்.

"இன்னும் தண்ணி இறங்கல்ல, ஐயா" என்றார், தாமிட்ட பாதையின்மேல் நின்றுகொண்டே.

நீர் இறங்கிய பின்னர் நாங்கள் நனைந்தே சென்றோம். கதவு திறந்தது. சரளைமண் மட்டும் இன்னும் குறுக்கே கிடக்கிறது. அதை அள்ளி அகற்றும்வரை வண்ணக்கர் வீட்டுப் படியை மிதியேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன்.