லூயிஷாமில் ஒரு சிரட்டை காவா

லண்டன் மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பது என் வேலை. டாக்டர் சொல்வதைத் தமிழிலும் நோயாளி சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்லவேண்டும். பல வருடங்கள் தடுமாறாமல் செய்துவந்தேன். பிறகு ஒரு வசந்தகாலத்தில், காரணம் எதுவும் தெரியாமல், நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. ஒருநாள் ஒரு வயதான அம்மாவின் சிறுநீரகம் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். எனக்கு இரண்டு மொழியும் வரவில்லை. காது அடைத்தது, கைகள் குளிர்ந்தன, அந்த இடத்திலேயே செத்துவிடுவேன் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்து நடையில் கிடந்த நாற்காலியில் இருந்தேன்.

அந்தப் பிரிவில் வேலைசெய்த தாதி ஒருத்தி பக்கத்தில் வந்து இருந்தாள். ஃபிஜி தீவிலிருந்து வந்தவள். ஒன்றும் கேட்காமல், மூச்சு சீராகும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குடும்ப டாக்டர் பதற்றத்துக்குக் குளிசை எழுதித் தந்தார். அந்தப் பெட்டியைத் திறப்பதற்கே எனக்குப் பதற்றமாக இருந்தது. அதைத் தாதியிடம் சொன்னபோதுதான் அவள் காவாவைப் பற்றிச் சொன்னாள். ஒரு செடியின் வேர். அவள் ஊரில் அதை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள், பதற்றம் தணியுமாம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் சண்டை தீர்ப்பதற்கும் அதுதானாம். “ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. குடித்தே ஆகவேண்டும் என்றில்லை” என்றாள்.

போவதற்கு முன் கிங்ஸ்பரியில் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே மருந்தாளராக இருப்பவர் ஜேர்மனியிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துப் பெண்.

“காவாவோ? அதை இந்த நாட்டில விக்கேலாது அக்கா, இறக்குமதியும் தடை. குடிச்ச சில பேருக்கு ஈரல் பழுதாகியிருக்கு. ஏனெண்டு இன்னும் முழுசாத் தெரியாது.”

“ஒருக்கா மட்டும் எண்டால்?”

“நான் ஓம் எண்டு சொல்ல மாட்டன். டாக்டர் தந்த குளிசையைத் தொடங்கீட்டீங்களோ?”

“இன்னும் இல்லை.”

“அதோட சேர்க்கவே கூடாது. நித்திரைக் குளிசை, மதுவோடயும் கூடாது. பரசிட்டமோல் போட்டிருந்தாலும் வேண்டாம். ஈரல் வருத்தக்காரர், பிள்ளைத்தாச்சியள் கிட்டயும் போகக்கூடாது. குடிச்சிட்டுக் கார் ஓடாதேங்கோ.”

வீட்டில் இதைச் சொன்னேன். “நீர் குடிக்கிறதெண்டால் நான் பச்சைத் தண்ணியோட இருக்கிறன். ஒராள் தெளிவா இருக்கவேணும்” என்றார் கணவர்.

லூயிஷாமில் தாதியின் வீட்டு வரவேற்பறையில் பாய் விரித்திருந்தது. நடுவில் கால்கள் வைத்த அகலமான மரத்தொட்டி. அவளுடைய கணவர் சாம்பல் நிற வேர்த்தூளை ஒரு துணியில் முடிந்து, குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்திப் பிசைந்தார். சுடுதண்ணீர் விடக்கூடாதாம். பிழியப் பிழியத் தண்ணீர் மாரிகாலக் குளத்தின் நிறத்துக்கு வந்தது. அந்தத் தூள் எப்படி அங்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

தாதி தன் போனில் செடியின் படத்தைக் காட்டினாள். அகலமான, இதய வடிவ இலை.

“இது வெத்திலையெல்லோ” என்றார் என் கணவர்.

ஏறக்குறைய அப்படித்தான். வெற்றிலை, மிளகு, காவா எல்லாம் ஒரே குடும்பம் என்று தாதி சொன்னாள். நாங்கள் இலையைப் பிடித்துக்கொண்டோம், சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் வேரைப் பிடித்துக்கொண்டார்கள். காவாவில் இலையையும் தண்டையும் சேர்க்கவே கூடாது, வேர் மட்டும்தான் என்றும் அழுத்திச் சொன்னாள்.

பாதித் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு தந்தார்கள். கைகளைக் குவித்து ஒருமுறை தட்டி, வாங்கி, ஒரே மூச்சில் குடிக்கவேண்டும். மண்ணும் மிளகும் கலந்த கசப்பு. சற்று நேரத்தில், பல்வலிக்குக் கராம்பு வைத்ததுபோல உதடும் நாக்கும் விறைத்தன. பயந்துபோய்த் தாதியைப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கும் என்று அவள் தலையாட்டினாள்.

பிறகு நடந்ததை இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மயக்கம் இல்லை, புத்தி தெளிவாக இருந்தது. மாதக்கணக்காக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு இயந்திரத்தை யாரோ நிறுத்திவிட்டார்கள். படபடப்பைத் தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை. அறை நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. தூரத்தில் ரயில் போகும் சத்தம் கேட்டது. என் மடியில் கிடந்த என் கைகளை வேறு யாருடைய கைகளையோபோல வியந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வேரும் தண்ணீரும் ஒரு மனித உடம்பிடம் இப்படிப் பேசுமா? இது பேசும் என்று முதன்முதலில் தோண்டிப் பார்த்த மனிதர் யார்?

“என்ன செய்யுது?” என்று கணவர் மெதுவாகக் கேட்டார்.

“ஒண்டுமில்லை. ஒண்டுமே இல்லை” என்றேன். அழுதுவிட்டேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தாதியிடம் ஒரு பொட்டலம் தரச்சொல்லிக் கேட்டேன். அவள் மறுத்துவிட்டாள். அவளுடைய சித்தப்பா தினமும் குடித்து, தோல் மீன்செதில்போல உரிந்து, வேலைக்குப் போகாமல் படுத்தவராம். “இணையத்தில் குளிசையாக விற்பதையும் வாங்காதே, உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. இது பலர் சேர்ந்து இருக்கும்போது குடிப்பது. நீ தனியே குடிக்கப் பார்க்கிறாய்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை.

குடும்ப டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. இரத்தம் எடுத்து ஈரலைச் சோதித்தார், பழுதில்லை. காவாவை விட்டுவிட்டுக் குளிசையைத் தொடங்கும்படி சொன்னார். இந்தமுறை பெட்டியைத் திறக்கப் பயம் வரவில்லை. உடம்பு அமைதியாக இருக்க முடியும் என்பதை நான் பார்த்துவிட்டேன். குளிசையும், பின்னர் கிடைத்த பேச்சு வைத்தியமும் மெல்ல மெல்லத்தான் வேலைசெய்தன. இலையுதிர்காலத்தில் வேலைக்குத் திரும்பினேன். இப்போதும் சில நாட்களில் நெஞ்சு அடிக்கும். டாக்டரிடம் ஒரு நிமிடம் கேட்டு, மூச்சு விட்டு, தொடர்கிறேன்.

லூயிஷாமுக்கு இன்னும் போகிறோம். பாயில் இருக்கிறோம், சிரட்டை எங்களைத் தாண்டிப் போகிறது, எனக்குத் தேத்தண்ணி வருகிறது. ஒவ்வொருவராகக் குடித்து முடிக்க, பேச்சு தணிந்து அறை அடங்குகிறது. குடிக்காத என்னையும் அந்த அமைதி உள்ளே எடுத்துக்கொள்வதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.