கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஒரு நீளப் பை

பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷன், 2000 டிசம்பர் கடைசி, மாலை நேரம். என் பெஞ்சுக்குக் கீழே ஆள் நீளத்துக்கு ஒரு பை கேட்பாரற்றுக் கிடக்கிறது. "குண்டு!" என்று கத்திவிட்டு, மாவீரனாகிய நான் இட்லி விற்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறேன்.

தண்ணீர் பிடிக்கப் போன பெண் பாட்டிலோடு ஓடி வருகிறாள். "அய்யோ சார், அது பேட்டு!" ஜிப்பைத் திறந்து காட்டுகிறாள். கோலார் தங்கவயல்காரி, இந்தியப் பெண்கள் அணியின் விக்கெட் கீப்பர். வெளிநாட்டில் உலகக் கோப்பை அரையிறுதியில் தோற்றுத் திரும்புகிறாள். டீம் முழுவதற்கும் சேர்த்து இருப்பதே இந்தப் பையிலுள்ள மட்டைகள்தானாம். அடுத்த மேட்ச் வரை, கடைசியாக அவுட்டானவள் வீட்டில்தான் பை இருக்கும், அது அவர்கள் வழக்கம்.

"அடுத்த மேட்ச் எப்பம்மா?"

"யாருக்கு சார் தெரியும்? போன தடவ இன்னொருத்தி வீட்ல ரெண்டு வருஷம் கெடந்துச்சு. அப்பா மாப்பிள்ள பாத்துட்டாரு. அவ்ளோ நாள் ஆனா நான் அடுப்படியில இருப்பேன்."

தங்கவயலுக்குப் போகும் மாரிக்குப்பம் ரயில் வருகிறது. கத்தியதற்குப் பரிகாரமாகப் பையின் ஒரு முனையை நான் தூக்குகிறேன். பெட்டிக்குள் ஒருவர் காலை மடக்கிக்கொண்டே, "இன்னாம்மா இது, இவ்ளோ பெருசு?" என்கிறார்.

"பாத்திரம்ணா," என்கிறாள்.

குண்டு என்று ஸ்டேஷனையே அலறவைத்த நான், அந்தப் 'பாத்திரத்தை' சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்குகிறேன்.