துரையின் முகத்துக்கு நேரே ‘ராங்’

இங்கிலீஷில் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல் ‘ராங்’. எழுதிக் காட்டச் சொன்னால் இன்றைக்கும் வராது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் ‘ராங்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு அதைச் சொல்லத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்போது மலாயாவில் அவசரகாலம், கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து வெள்ளைக்கார ஆட்சியோடு சண்டை போட்ட நேரம். செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி அடித்து ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். விடியலில் அந்தக் கேட்டு வழியாக வேலைக்குப் போகும்போது ஸ்பெஷல் போலீஸ்காரர்கள் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், கூடையைக் கிளறுவார்கள். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சந்தேகம்.

என் வீட்டுக்காரருக்கு வெட்டக் கொடுத்திருந்த மர வரிசை, அந்த நிரை, காட்டோரம் இருந்தது. கடைசி மரத்துக்கு அப்பால் வெறும் காடுதான். ஒரு நாள் உள்ளேயிருந்து இரண்டு பேர் வந்து அரிசி கேட்டிருக்கிறார்கள். இவர் வெறும் வாளியைக் காட்டியிருக்கிறார். மறுநாள் போலீஸ் வந்து, “யாரு வந்தது, என்ன குடுத்தே?” என்று பொழுது உச்சிக்கு வரும்வரை வெயிலில் உட்கார வைத்துக் கேட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பால் கொட்டும் ஸ்டோருக்கு நான்தான் முதலில் வந்து நிற்பேன். சிவப்பு மண் ரோட்டில் அவர் தலை தெரிந்த பிறகுதான் என் வாளியை இறக்கி வைப்பேன்.

அந்த நேரத்தில்தான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸருக்கு உதவியாக ஓர் ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தது. ஆஸ்பத்திரி வேலிக்கு உள்ளே இருந்தது. எனக்கு அது ஒன்றே போதும். மருந்துப் பெயர் படிக்க இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். இவர் சின்ன வயதில் மலாக்கா டவுன் பக்கம் தெங்கேராவில் மாமா வீட்டில் தங்கி இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனவர். தகப்பனார் இறந்ததும் படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்தவர். டிரஸ்ஸர் ஐயாவுக்கு அது தெரியும்.

“தம்பி, வெள்ளைக்கார டாக்டர் வந்து இங்கிலீஷ்ல கேள்வி கேப்பாரு. படிச்சது துரு ஏறிப் போயிருக்கும். இத வச்சி தேச்சிக்க,” என்று ஒரு மெல்லிய பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்தார். புத்தகம் முழுக்கத் தப்பான வாக்கியங்கள், நடுவே சரியானது ஒன்றிரண்டு. தப்பைத் திருத்த வேண்டும். தப்பை அச்சடித்து விற்பார்களா என்று எனக்கு ஆச்சரியம்.

விளக்கேற்றியதும் அவர் அதை வைத்துக்கொண்டு உட்காருவார். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். கேட்கக் கேட்க எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. ஓர் ஆள் எப்படிப்பட்டவன் என்று சொல்ல ஒரு சொல். அவன் செய்கிற வேலை எப்படி இருக்கிறது என்று சொல்ல இன்னொரு சொல். மெதுவான ஆள், மெதுவாக நடந்தான் என்று நாம் சொல்வதில்லையா, அதே மாதிரிதான். வெள்ளைக்காரர்கள் வேலையைச் சொல்லும்போது பின்னால் ‘லி’ என்று ஒரு வால் ஒட்டிவிடுகிறார்கள். ஆள் ‘ஸ்லோ’ என்றால் நடப்பது ‘ஸ்லோலி’. இவர் என்னவோ ‘வாக் ஸ்லோ ஸ்லோ’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மலாய்க்காரர்கள் ‘பெலான் பெலான்’ என்கிறார்கள், நாம் ‘மெதுவா மெதுவா’ என்கிறோம். ரெண்டு தரம் சொன்னால்தான் நமக்கெல்லாம் மனசு நிறையும்.

‘குட்’டுக்கு வால் கிடையாதாம். பேசுவதை, பாடுவதை நல்லது என்று சொல்லும்போது ‘குட்’டை வெளியே அனுப்பிவிட்டு ‘வெல்’ என்று வேறு ஆளை உள்ளே விட வேண்டும். ‘ஹார்ட்’ இன்னும் மோசம். கடுமையாக உழைக்கிறான் என்பதற்கு ‘ஹீ ஒர்க்ஸ் ஹார்ட்’ என்று மொட்டையாகவே விட வேண்டும். ஆசைப்பட்டு வாலை ஒட்டி ‘ஹார்ட்லி’ என்றால், அவன் வேலையே செய்வதில்லை என்று அர்த்தம் வந்துவிடும்.

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் ஏறாது. பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருப்பார். “அப்பன்னா எங்க வீட்ல படுத்துக் கெடக்கே, அது ஹார்ட்லிதான்லா தங்கச்சி!” என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. அவர் புருஷன், அந்த அண்ணன், இருமுவதும் கேட்டது.

டாக்டர் வந்தார். முன்னாலும் பின்னாலும் துப்பாக்கி வண்டி. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் கை விரலில் இருந்த வெட்டுக் காயத்தைக் காட்ட வந்தவள்போல உட்கார்ந்திருந்தேன். காயம் உண்மைதான், அன்றைக்கே காட்ட வேண்டிய அவசரம் இல்லை. உள்ளே டாக்டர் அதே பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு வாக்கியமாகப் படித்து, “ரைட் ஆர் ராங்?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் நூறு தடவை திருத்திய வாக்கியங்கள்தான்.

“ஷீ சிங்ஸ் பியூட்டிஃபுல். ரைட் ஆர் ராங்?”

“ரைட், சார்.”

“ஹீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் குட்.”

“ரைட், சார்.”

என் காதையே நம்ப முடியவில்லை. எல்லாவற்றுக்கும் ‘ரைட், சார்’. துண்டை இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் மார்போடு சேர்த்து, தரையைப் பார்த்து நின்றுகொண்டு ‘ரைட், சார்’.

டாக்டர் போனதும் டிரஸ்ஸர் ஐயா வெளியே வந்தார். “யோவ், நேத்து எங்கிட்ட எல்லாத்தையும் திருத்துனியே, என்னய்யா ஆச்சு ஒனக்கு?”

“தொரை வாயால சொல்றாருங்கய்யா. அவரு மூஞ்சிக்கு நேரா தப்புன்னு எப்படிங்க சொல்றது?”

டிரஸ்ஸர் ஐயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “டாக்டருக்கு ஒன் இங்கிலீஷ் மேல கோவம் இல்ல. நாளைக்கி அவரு அவசரத்துல வேற போத்தல எடுத்தா, இந்த ஆளு ‘ரைட், சார்’னு ஊத்திக் குடுத்துருவானேன்னு கேக்குறாரு. நான் என்ன சொல்ல? அடுத்த தடவ வரும்போது ஒரே ஒருக்கா பாருங்கன்னு கெஞ்சியிருக்கேன். அதுக்கு மேல கேக்க மாட்டேன்.”

வீட்டுக்கு வரும் வழியில் இவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் மட்டும் என்ன? துரை எதைச் சொன்னாலும் தலையாட்டத்தான் நானும் வளர்ந்தேன். மழை பெய்யும்போது துரை வெயில் என்றால், “ஆமாங்க தொரை” என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டு போகிற ஜாதி நாங்கள். ஆனால் மறுநாள் விடியலில் அவர் மறுபடி காட்டோரத்துக்குத்தானே போக வேண்டும்?

அன்று மாலையே நான் துரையானேன். பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். அக்கா அவர் வீட்டுக்காரரின் தொப்பியைச் சுவருக்கு மேலே தூக்கிப் போட்டார். வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன். “ஷீ சிங்ஸ் பியூட்டிஃபுல்!” என்று அதட்டினேன்.

“ராங்!” என்றார் இவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா சிரித்தார். “பொண்டாட்டிய தப்புன்னு சொல்ல எந்த ஆம்பளைக்கி பயம்? இது சரிப்படாது தங்கச்சி.”

“அங்க நின்னபடி நில்லுங்க,” என்றேன் இவரிடம். “தொரை முன்னால நிக்கிறபடி.”

துண்டை அவிழ்த்துக் கட்டினார். கை மார்புக்குப் போனது. கண் தரைக்குப் போனது. நான் அதே வாக்கியத்தைச் சொன்னேன். அவர் வாயிலிருந்து, என் முன்னாலேயே, ‘ரைட்’ என்று வந்துவிட்டது. நான் தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பயம் அந்த நிற்பில் இருந்தது. சோறு தின்னும் மங்குக் கிண்ணத்தை எடுத்து அவர் இரண்டு கையிலும் கொடுத்து, அது நிறையத் தண்ணீர் ஊற்றினேன். “சிந்தாமப் புடிங்க. குனியாதீங்க, சிந்தும். இப்பச் சொல்லுங்க.” கை கட்ட வழியில்லை, தலை குனிய வழியில்லை. முதலில் மங்கு ஆடியது, என் பாயெல்லாம் ஈரம். தினமும் பொழுது சாயும் முன் இதுதான் எங்களுக்கு வேலை. வர வரத் தண்ணீர் ஆடாமல் ‘ராங், சார்’ வந்தது. ‘சார்’ வேண்டாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். “மரியாதை இருக்கட்டுங்க்கா. தப்ப மரியாதையாச் சொல்லலாம்ல,” என்றார் இவர். அது நல்ல பேச்சு என்று எனக்குப் பட்டது.

டாக்டர் மறுபடி வந்த அன்று நான் டிரஸ்ஸர் ஐயாவிடம் போய், “ஐயா, அவரு கையில மருந்துத் தட்டக் குடுத்து நிக்க வைங்க,” என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் கொடுத்தார்.

வராந்தாவில் அக்காவும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே முதல் வாக்கியம். நான் கதவுப் பக்கம் காதைச் சாய்த்தேன். பிறகு “ராங், சார்” என்று சன்னமாக வந்தது. அக்கா என் தொடையைக் கிள்ளினார். அடுத்ததும் ‘ராங், சார்’. குரல் கொஞ்சம் ஏறியிருந்தது.

“ஹீ ஒர்க்ஸ் ஹார்ட்.”

“ரைட், சார்.”

டாக்டர் உடனே அடுத்ததுக்குப் போகவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது. “ஆர் யூ ஷூர்? நாட் ஹார்ட்லி?” என்று கேட்டார். அந்தக் குரலில் ஒரு கண்டிப்பு இருந்தது. தட்டில் போத்தல்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. இந்த மனிதர் இப்போது ‘ஹார்ட்லி, சார்’ என்று தலையாட்டிவிட்டால் நாளைக்குக் காட்டோரம்தான். நான் என் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

போத்தல் சத்தம் நின்றது.

“நோ, சார். ஹார்ட், சார். ஹார்ட்லி ராங், சார்.”

டாக்டர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, வாய்விட்ட சிரிப்பு. டிரஸ்ஸர் ஐயா கதவோரம் வந்து என்னைப் பார்த்துத் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த வாரத்தில் ஒரு விடியல். அன்றுதான் முதல் தடவையாக நான் தனியாகக் கேட்டுக்குப் போனேன். எங்களைத் தினமும் சோதிக்கிற அதே மலாய்க்கார போலீஸ்காரர்தான் நின்றுகொண்டிருந்தார். வாளியைக் கவிழ்த்துப் பார்த்தவர், எனக்குப் பின்னால் யாரும் வராததைப் பார்த்து, “சுவாமி மானா?” என்று கேட்டார். புருஷன் எங்கே என்கிறார். ஆஸ்பத்திரிப் பக்கம் முகவாயால் காட்டினேன். அங்கே ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. ஊசி அவிக்க இவர் அடுப்புப் பற்ற வைத்திருப்பார்.

“சாக்கிட்?” என்றார் போலீஸ்காரர். நோயா என்று கேட்கிறார். துப்பாக்கி அவர் தோளில்தான் தொங்கியது. என் இரண்டு கையிலும் வாளி இருந்தது.

“ராங், சார்,” என்றேன். “கெர்ஜா. வேலை.”