தகரம் கை மாறிய இடம்

ஊருக்கு உழைப்பதென்று முடிவு செய்ததும் சித்தப்பா முதலில் வாங்கியது ஒரு விசில். வேலூர் லாங் பஜாரில் வாங்கி, கறுப்புக் கயிற்றில் கட்டி, கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்து இறங்கினார். சங்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில் எங்கள் ஊர். வெயில் காலம் வந்தால் எங்காவது ஒரு கூரை பற்றிக்கொள்ளும். ஊரே கூடி நின்று கத்தும்; தண்ணீர் மட்டும் வராது. இதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் சித்தப்பா தீயணைக்கும் தொண்டர் சங்கத்தை ஆரம்பித்தார். எங்கள் தெரு ஆண்கள் எல்லோரும் சேர்ந்தார்கள். மண்ணெண்ணெய்த் தகரங்களுக்குக் கம்பிப் பிடி போட்டு வாளியாக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கிணற்றிலிருந்து கோயில் வரை வரிசையாக நின்று தகரத்தைக் கைக்குக் கை மாற்றிப் பழகினார்கள். காலித் தகரங்களைக் கிணற்றுக்குத் திருப்பிக் கொண்டுவருவது பிள்ளைகள் வேலை. பெண்பிள்ளைக்கு என்ன சங்கம் என்று அம்மா முணுமுணுத்தாள். எனக்கு அப்போது எட்டு வயது. சித்தப்பா ஒரு விசில் ஊதி என்னையும் சேர்த்துக்கொண்டார். அவரைப் போல நல்ல மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அத்தையை யாரும் சங்கத்துக்குக் கூப்பிடவில்லை. அவள் அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. புருஷன் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். சமையல், மாடு, நாங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. அவளுக்கு இருந்த ஒரே பேச்சுத் துணை சேரியிலிருந்து வரும் முனியம்மா. முனியம்மாவின் புருஷனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. எங்கள் வீட்டுச் சாணத்தில் வரட்டி தட்ட வருவாள். வேலிக்கு அந்தப்புறம் அவள், இந்தப்புறம் அத்தை. பேச்சு மட்டும் முடியவே முடியாது.

அந்தச் சித்திரை மாதத்து மத்தியானம் சேரியில் தீப்பிடித்தது. ஷாப்புக்காகக் குவித்து வைத்திருந்த ஆவாரம்பட்டையில் பொறி விழுந்து, காற்றோடு கூரைகளுக்குத் தாவிவிட்டது. சித்தப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இன்னாத்துக்குச் சங்கம் வச்சோம்? வாங்கய்யா" என்று விசிலை ஊதிக்கொண்டு ஓடினார். பக்கத்தில் தண்ணீர் இருந்தது எங்கள் கொல்லைக் கிணற்றில்தான். சங்கத்தார் அங்கிருந்து வரிசை கட்டினார்கள். வரிசை சேரி முனைப் புளியமரம் வரை போய் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் சேரி ஆட்கள் தாங்களாகவே ஒரு வரிசை போட்டுக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

எங்கள் வரிசையின் கடைசியில் நின்ற மளிகைக்கடைக்காரர் தகரத்தைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி விலகுவார். பிறகு அந்தப் பக்கத்து ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார். காலித் தகரத்தையும் அந்தப் பக்கத்தார் அப்படியே தரையில் வைப்பார்கள். நான் எடுத்துக்கொண்டு ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில் இது கிடையாது. நிஜமான தீ என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வைப்பதிலும் எடுப்பதிலும் தண்ணீர் தளும்பி மரத்தடி சேறாகிவிட்டது. தகரங்கள் சேற்றில் சாய்ந்தன. நிரம்பிய தகரங்கள் எடுக்க ஆளில்லாமல் தேங்கின. கிணற்றடியில் நின்ற சித்தப்பா வேகம், வேகம் என்று ஊதிக்கொண்டே இருந்தார். எங்கே அடைத்துக்கொண்டதென்று அவருக்குத் தெரியவில்லை, பாவம். தீ முனியம்மா வீட்டுக்கு அடுத்த கூரைக்கு வந்துவிட்டது. அவள் சட்டி பானைகளை வெளியே வீசிக்கொண்டிருந்தாள்.

என்னைத் தேடிக்கொண்டு வந்த அத்தை அதைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, இரண்டு வரிசைக்கும் நடுவில் போய் நின்றாள்.

"கீழ வைக்காதீங்க. கையில குடுங்க."

மளிகைக்கடைக்காரர் திகைத்து நின்றார். அவர் கையிலிருந்து தகரத்தை வாங்கித் திரும்பி, எதிரே நின்ற முனியம்மா புருஷனிடம் நீட்டினாள். "வாணாம்மா" என்று அவர் பின்வாங்கினார்.

"புடிப்பா. ஊடு எரியுது."

அவர் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு தகரங்கள் எங்கேயும் நிற்கவில்லை. முனியம்மா வீட்டுக் கூரையில் ஒரு மூலை கருகியதோடு தீ அடங்கியது.

மறுநாள் சித்தப்பாவுக்குக் கோயில் வாசலில் மாலை போட்டார்கள். அன்று சாயங்காலமே தெருப் பெரியவர்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்பாவிடம் தணிந்த குரலில் பேசிவிட்டுப் போனார்கள். அப்பா யாரையும் அதட்டுகிறவர் அல்ல, அன்றும் அதட்டவில்லை. அத்தையின் பாயும் தட்டும் மாட்டுக் கொட்டகைக்குப் போயின. அவள் கையைக் கம்பி அறுத்துவிட்டது, அதனால் ஓய்வு என்று அம்மா சொன்னாள். கை அறுபட்டிருந்தது நிஜம்தான். சமையல் வேலை கிடையாது, கன்றுக்குட்டியோடு தூக்கம், கொடுத்து வைத்தவள் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. சித்தப்பா மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. கொட்டகைப் பக்கம் போவார், பாதியிலேயே திரும்பிவிடுவார்.

அந்த நாட்களில் தெருவோரக் கொட்டகை முன்னால் எங்கள் விளையாட்டெல்லாம் தீயணைப்புதான். பூவரசம் இலையைச் சுருட்டி ஊதிக்கொண்டு நான்தான் தலைவர். வரிசை நடுவில் ஒருத்தி தகரத்தைக் கீழே வைத்து விலகுவாள், இன்னொருத்தி வந்து எடுப்பாள். விலக மறந்தால் ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவேன். சங்கம் என்றால் கட்டுப்பாடு வேண்டுமல்லவா?

கொட்டகையிலிருந்து அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் எழுந்து வந்து நடுவில் நின்று, துணி சுற்றிய கைகள் இரண்டையும் என்னிடம் நீட்டினாள்.

"ஆட்டத்தக் கெடுக்காத அத்தை. இங்க கீழ வச்சிட்டுத் தள்ளி நிக்கணும். அதான் சட்டம்."

"யாரு சொன்னா?"

"சங்கத்துல அப்படித்தான். நான் பாத்தேன்."

வாசலில் நின்றிருந்த சித்தப்பா இதைக் கேட்டார். பிறகு வந்து என் கையிலிருந்த தகரத்தை வாங்கினார். அத்தை சட்டென்று கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "வாணாம்டா, தெருவே பாக்குது."

"பாக்கட்டும்க்கா."

தகரத்தை அவள் கையில் வைத்தார். வைத்தவர் விடவில்லை, இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். எனக்கானால் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சங்கத்தை ஆரம்பித்தவர் சித்தப்பா, அவருக்கே அதன் சட்டம் தெரியவில்லையே.