கேக்கின் மேல் ‘பிலேட்டட்’

கிரீம் அக்கா பிறந்தது எட்டாம் மாதத்தில். டாக்டர் ‘ப்ரீமெச்சூர்’ என்றார். அவளைப் பெற்றவள் அதை ஏதோ பரிசு என்று நினைத்துத் தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்துப்போனாள். எடை பார்த்தபோது தராசு முள் அசையவே இல்லை. பாப்பா போட்ட கத்தலில்தான் அசைந்தது. சந்தேகம் இருப்பவர்கள் அந்தத் தராசையே போய் விசாரித்துக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து அவள் எதைச் செய்தாலும், கையில் ஓர் இங்கிலீஷ் வார்த்தையோடு யாராவது வந்து நிற்பது வழக்கமாயிற்று. பள்ளியில் சேர்ந்தது ‘லேட் அட்மிஷன்’. மகளுக்குப் பல் முளைக்கும் முன்பே கணவன் கண்ணை மூடியபோது, அவன் ஆபீஸிலிருந்து வந்த மலர் வளையத்தில் ‘அன்டைம்லி’ என்று எழுதியிருந்தது. “சாவுக்கு எதுங்க சரியான டைம்?” என்று அழுகைக்கு நடுவே கேட்டாள். வளையம் கொண்டுவந்தவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவிட்டார்.

வயிற்றுப்பாட்டுக்குக் கேக் கடையில் சேர்ந்தாள். அதே வார்த்தைகள் அங்கேயும் விரட்டி வந்தன. ஒரே வித்தியாசம், இப்போது அவள் கையாலேயே கிரீமில் எழுத வேண்டியிருந்தது. மனைவியின் பிறந்தநாளை மறந்த கணவன்மார், தாமதத்தை ஒப்புக்கொண்டு ‘பிலேட்டட்’ எழுதச் சொன்னார்கள். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் முன்கூட்டியே வாழ்த்த ‘அட்வான்ஸ்’ எழுதச் சொன்னார்கள். அவளுக்கென்று ஒரு முறை உண்டு. நடு எழுத்தை முதலில் போட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் நகர்வாள். எந்த வார்த்தையும் ஓரத்தில் இடிக்காது. கடைக்கும் ஒரு சட்டம் உண்டு. தப்பான வார்த்தையை ஈரக் கத்தியால் வழித்தெடுத்து, தப்புக்குக் காரணமானவரே எல்லோர் முன்னாலும் தின்ன வேண்டும். கடை முதலாளி ஒருமுறை யாருடைய மாமியார் பெயரையோ முழுசாக விழுங்கியிருக்கிறார்.

அந்தக் கடையில் ஓவனைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் ‘ஓவன் மாமா’ என்பார்கள். மனைவியை இழந்தவர். ஒரு மத்தியானம் சூடான ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டே, “நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?” என்றார்.

“முதல்ல ட்ரேயைக் கீழ வைங்க. கை வெந்துடப் போகுது.”

வைத்தார். “சரி” என்றாள். நாள் குறித்தாயிற்று.

அதற்கு முந்தைய நாள் மகள் வந்தாள். பேங்க் உத்தியோகம். ஹெல்மெட்டைக் கழற்றியும் கழற்றாமலும் ஆரம்பித்தாள்.

“ஏம்மா, பேரன் எடுக்கிற வயசுல உனக்கு இது தேவையா?”

“நீ பெத்துக் குடு, அவனையும் எடுக்கிறேன். இது வேற.”

“விளையாடாத. என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்காங்க. அவங்க காதுக்கு இது போச்சுன்னா என் மானம் கப்பலேறிடும். அது முடியற வரைக்கும் தள்ளிப் போடு.”

“முடிஞ்சதும்?”

“அப்புறம் பாக்கலாம். எதுக்கும் ஒரு டைம் இருக்கும்மா.”

கிரீம் அக்கா கையிலிருந்த, கிரீம் பிழியும் கோனைக் கீழே வைத்தாள்.

“அந்த மனுஷன் முதல் தடவை கேட்டது எப்போ தெரியுமாடி? நீ பத்தாங் கிளாஸ் பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தப்போ. அது முடியட்டும்னேன். அப்புறம் உன் காலேஜ், உன் வேலை, உன் கல்யாணம். வாயைத் திறக்காம ஓவன் பக்கத்துலயே நின்னாரு. இப்ப உன் நாத்தனாருக்குமா? நாளைக்கு அவளுக்கு ஒரு நாத்தனார் வருவா.”

மகள் முகம் சிவந்தது. அவளுக்கு இது புதுச் செய்தி. ஆனாலும் பிடித்த முயலுக்கு மூன்றே கால். “அப்ப நான் வரமாட்டேன்.”

“நீ வந்தாலும் நாளைக்குத்தான், வரலைன்னாலும் நாளைக்குத்தான்.”

“ரொம்ப நல்லது! கேக்குல ‘பிலேட்டட்’னு எழுதிக்கோ!”

ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு போயிற்று. கிரீம் அக்கா தன் கல்யாணக் கேக்கை இழுத்து, நடு எழுத்தைப் போட்டாள்.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது. ஓவன் மாமா காதோரம் குனிந்தார். “பொண்ணு வரட்டுமே, கொஞ்சம் பாக்கலாமா?”

“இத்தனை வருஷமா அதைத்தானே பாத்தோம்?” என்று பேனாவை வாங்கினாள். பழக்கதோஷத்தில் பெயரின் நடு எழுத்திலிருந்து கையெழுத்தைத் தொடங்கிவிட்டாள்.

அதிகாரி பதறினார். “என்னம்மா, நடுவுல இருந்து எழுதறீங்க?”

“அவசரப்படாதீங்க சார். முடிஞ்சதும் பாருங்க, எப்படி நிக்குதுன்னு.”

நின்றது.

கடையில் கேக்கைச் சுற்றி எல்லோரும் கூடியபோதுதான் ஹெல்மெட்டோடு மகள் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தாள். “ட்ராஃபிக்கும்மா... எல்லாம் முடிஞ்சிடுச்சா?”

“முடிஞ்சிடுச்சு.”

மகளின் பார்வை கேக்கின் மேல் விழுந்தது. “நிஜமாவே எழுதிட்டியா!”

“ஆர்டர் குடுத்தவ நீதானே? ஆனா இது தப்பான வார்த்தை. எங்க கல்யாணம் நாங்க சொன்ன நாள்ல, சொன்ன மணிக்கு நடந்தது.” கிரீம் அக்கா கத்தியைத் தண்ணீரில் நனைத்தாள். ஓர் எழுத்துகூடச் சிதறாமல் வழித்தெடுத்துத் தட்டில் நீட்டினாள். “கடைச் சட்டம். தின்னு.”

மகள் ஓவன் மாமாவைப் பார்த்தாள். அவர் அவசரமாக ட்ரேயைத் துடைக்க ஆரம்பித்தார். மகள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, முழு வார்த்தையையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டாள்.

“சக்கரை தூக்கல்” என்றாள், கன்னம் உப்ப.

“குறை சொல்றியே தவிர, துப்பலையே” என்று அம்மாக்காரி அடுத்த துண்டை வெட்டினாள்.