இரண்டு பொட்டலம், ஒரு மாமனார்

போன வெள்ளிக்கிழமை, மல்லசமுத்திரம் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலில் நான் ஒரு தில்லுமுல்லு செய்தேன். சாமி கண்ணைக் குத்தும் என்பார்கள். இதுவரை குத்தவில்லை. கண்ணாடி பவர் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது... அது வயசு.

விஷயத்துக்கு வருகிறேன். கோமதி என் சித்தி மகள். (பெயரை மாற்றிவிட்டேன். அவளுடைய மாமியார் இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர். இந்த வாரம் மட்டும் அவர் வீட்டுக்குப் பேப்பர் வராமல் போகட்டும்!) வயது நாற்பத்தொன்று. மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். மகன் காலேஜில் படிக்கிறான். இந்த நேரத்தில் டெஸ்ட்டில் இரண்டு கோடு!

"ஏழு வாரம் ஆச்சு. பெத்துக்கறதா வேண்டாமான்னு சீக்கிரம் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

யோசிப்பதா? எங்கள் பக்கம் போர் போடுவதானாலும் சரி, லாரி வாங்குவதானாலும் சரி, யோசிக்கிற பழக்கமே கிடையாது. பூ கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் வைத்தால், பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் கோமதி பிள்ளை பெற வேண்டும். சிவப்பு வந்தால் கலைத்துவிடலாம்.

பொட்டலம் கட்ட நடுநிலையான ஆள் வேண்டுமாம். பத்திரிகையில் எழுதுகிறவள் என்று என்னைப் பிடித்தார்கள். பத்திரிகைக்காரர்களை நடுநிலை என்று நம்ப இன்னும் ஒரு குடும்பம் மிச்சமிருக்கிறதே — எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலில் மாமியார் வந்து காதைக் கடித்தார்.

"அம்மிணி, ரெண்டுலயும் வெள்ளையவே வெச்சுக் கட்டிரு சாமி. வர்றது ஆருன்னு நெனைக்கற? எங்க ஊட்டுக்காரருதான்!"

அவர் காலமாகி நாலு மாதம்தான் ஆகிறது. கனவில் வந்து, தோளில் துண்டோடு கேட்டருகே நின்றாராம்.

"அதுமில்லாம, கோமதி தெனமும் செரியா நாலு மணிக்கு வாந்தி எடுக்கறா. அவரு காப்பி குடிக்கற நேரம் பாரு!"

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

அவர் அந்தப் பக்கம் போனதும் கோமதியின் கணவர் இந்தப் பக்கம் வந்தார். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர்.

"ஏனுங்க்கா, ரெண்டுலயும் செவப்பு வெச்சிருங்க. புள்ளைக்கு மாப்ள பாக்கற நேரத்துல இது என்னுங்க்கா கூத்து? ஆபீஸ்ல டிரைவருங்க சிரிப்பானுங்க."

அம்மாவுக்கு இறந்துபோனவர் கவலை. மகனுக்கு டிரைவர்கள் கவலை. கோமதி எங்கே என்று தேடினேன். குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். வாட்சைப் பார்த்தேன். மணி நாலு!

"உனக்கு என்ன பூ வேணும்டி?" என்றேன்.

"அந்த மனுசன இருவது வருசம் தலைல சொமந்தேன். இப்ப வவுத்துலயுமாக்கா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "ரெண்டாவதுக்கே பிபி ஏறி, பொழைச்சு வந்ததே பெருசு. இன்னொருக்கா என்னால முடியாதுக்கா. ஆனா... பாவமாக்கா?"

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. ஏழு வாரத்தில் உயிர் எங்கே உட்கார்ந்திருக்கிறது, யார் யாராக மறுபடி வருகிறார்கள் — சொல்ல நான் யார்? இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்குப் பயம்தான் வருகிறது. ஆனால் பெற்றாலும் கலைத்தாலும் சுமக்கப்போவது அவள். அதை ஓர் அரளிப் பூவின் நிறமா முடிவு செய்வது? எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

வெள்ளையும் வைக்கவில்லை, சிவப்பும் வைக்கவில்லை. வாசல் வேப்ப மரத்தில் கொழுந்தைக் கிள்ளி, இரண்டு பொட்டலத்திலும் வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

பூசாரி ஒன்றை எடுத்தார். மாமியார் தெம்பாக நின்றார். கோமதியின் கணவரும் தெம்பாக நின்றார். இரண்டு பேருக்கும் என்மேல் அவ்வளவு நம்பிக்கை!

பிரித்தால்... வேப்பிலை.

பூசாரி என்னைப் பார்த்தார். பிறகு என் நகத்தில் இருந்த பச்சைக் கறையைப் பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். மனுஷன் பழுத்த அனுபவசாலி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆத்தா தன்னோட இலையவே குடுத்துட்டாளுங்க. 'பூவக் கேக்காதீங்க, சொமக்கறவளக் கேளுங்க'ங்கறா."

மாமியாருக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் அம்மனை எதிர்த்துப் பேச முடியுமா? மெதுவாக மருமகள் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சாமி சொல்ற?"

"என்னால முடியாதுங்க அத்தை."

நினைத்தது நடந்தும் கணவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. பொண்டாட்டி அழுதிருக்கிறாள் என்பதையே அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. மாமியார் அம்மனைப் பார்த்தார். கோயில் கேட்டைப் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருமகள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

"செரி, உடு. அந்த மனுசன் வேற ஊடு பாத்துக்கட்டும். நாமளும் எத்தன வருசந்தான் நாலு மணிக்குக் காப்பி போடறது!"